‘க்வைட் எ ஃபியூ’ன்னா கொஞ்சமா, நிறையவா?

கேள்வி கேட்டவர் சொன்னது இதுதான். வெளிநாட்டு கிளையன்ட் ஒருத்தர் ரிப்போர்ட்டை படிச்சுட்டு ‘தேர் ஆர் க்வைட் எ ஃபியூ எரர்ஸ்’னு மெயில் போட்டிருக்கார். இவர் டிக்‌ஷனரியில பாத்திருக்கார், ‘ஃபியூ’ன்னா சில, ‘க்வைட்’னா ஓரளவு, ரெண்டையும் சேத்தா ஓரளவு சில தப்புகள், சரி பெருசா ஒண்ணும் இல்லன்னு எடுத்துக்கிட்டு, சின்ன தப்புகள்தானே பாத்துக்கறேன்ங்கிற தொனியில பதில் அனுப்பிட்டார். பக்கத்து சீட்காரர் அதை பாத்துட்டு, யோவ் அவர் நிறைய தப்பு இருக்குன்னுல்ல சொல்றார்னு தலையில அடிச்சுக்கிட்டாராம். யார் சொல்றது சரி, அப்புறம் கொஞ்சம்னு அர்த்தம் உள்ள ஒரு வார்த்தை எப்படிங்க நிறையன்னு மாறும், இதான் கேள்வி.

முதல் பாதிக்கு பதில் ஒரே வரி. பக்கத்து சீட்காரர் சொன்னதுதான் சரி, ‘க்வைட் எ ஃபியூ’ன்னா நிறையன்னுதான் அர்த்தம், அதுல சந்தேகமே வேண்டாம், எந்த நல்ல அகராதியில பாத்தாலும் அப்படித்தான் இருக்கும், ஆனா தனித்தனியா ‘க்வைட்’, ‘ஃபியூ’ன்னு தேடாம முழு தொடரா தேடணும். ரெண்டாவது பாதிதான் சுவாரஸ்யம். நான் இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு மருத்துவ, தொழில்நுட்ப டாக்குமென்ட்களை மொழிபெயர்க்கிறதும் மத்தவங்க மொழிபெயர்த்ததை சரிபார்க்கிறதுமா பல வருஷமா ஓட்டிக்கிட்டு இருக்கேன், இந்த மூணு சொல் தொடர்ல ஆளுங்க வழுக்கி விழறதை அடிக்கடி பாக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல ‘ஃபியூ’ன்னா ரொம்ப கம்மி, ‘எ ஃபியூ’ன்னா கொஞ்சம் அதிகம்னு அளவு மாதிரி படிச்சிருப்போம். அங்கதான் கோளாறு ஆரம்பிக்குது. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அளவு இல்ல, திசை. ஒரு மீட்டிங்குக்கு ஆறு பேர் வந்திருக்காங்கன்னு வைங்க. ‘எ ஃபியூ பீப்பிள் கேம்’னும் சொல்லலாம், ‘ஃபியூ பீப்பிள் கேம்’னும் சொல்லலாம், ரெண்டு வாக்கியத்துலயும் வந்தது அதே ஆறு பேர்தான். முதல் ஆள் ஆறு பேர் வந்ததை பாக்கறார், பரவால்ல யாரோ வந்தாங்கப்பான்னு. ரெண்டாவது ஆள் வராதவங்களை பாக்கறார், என்னய்யா இது இவ்ளோதானான்னு. தமிழ்ல இதை நாம தினம் செய்யறோம், ஆனா வேற இடத்துல செய்யறோம். ‘சிலர் வந்தாங்க’ன்னா அது ‘எ ஃபியூ’. ‘சிலர்தான் வந்தாங்க’ன்னா அது ‘ஃபியூ’. அந்த ‘தான்’ செய்யற வேலையை இங்கிலீஷ்ல ‘எ’ இல்லாம போறது செய்யுது. எழுத்து தமிழ்ல ‘வெகு சிலரே’ன்னு ஒரு ஏகாரம் போட்டா அதே வேலை முடிஞ்சுது.

இது ஏதோ நயமா சொல்ற விஷயம் இல்ல, இலக்கணத்துலயே தடம் இருக்கு. இங்கிலீஷ்ல ‘எனி’, ‘எவர்’ மாதிரி சில சொற்கள் பொதுவா எதிர்மறை வாக்கியத்துலயும் கேள்வியிலயும்தான் நிக்கும். ‘ஃபியூ பீப்பிள் ஹேவ் எவர் சீன் இட்’னு சொன்னா சரியா இருக்கும், ‘எ ஃபியூ பீப்பிள் ஹேவ் எவர் சீன் இட்’னு சொன்னா அந்த மொழிக்காரங்களுக்கு காதுல இடிக்கும். வாக்கியத்துக்கு வால் சேக்கறது இன்னொரு சோதனை. ‘ஃபியூ பீப்பிள் கேம்’னு சொல்லிட்டு ‘டிட் தே?’ன்னு முடிப்பாங்க, எதிர்மறை வாக்கியத்துக்கு பின்னாடி போடற அதே வால். ‘எ ஃபியூ பீப்பிள் கேம்’ன்னா ‘டிடின்ட் தே?’. அதாவது ‘நோ’, ‘நாட்’ எதுவும் கண்ணுக்கு தெரியலன்னாலும் ‘ஃபியூ’க்குள்ள ஒரு ‘இல்ல’ ஒளிஞ்சிருக்கு. ‘எ ஃபியூ’க்குள்ள அது கிடையாது. நம்ம ‘க்வைட் எ ஃபியூ’வை இதே சோதனையில போட்டு பாருங்க, ‘க்வைட் எ ஃபியூ பீப்பிள் கேம், டிடின்ட் தே?’ன்னுதான் வரும். அது எந்தப் பக்கம் நிக்குதுன்னு அங்கயே தெரிஞ்சுடுது.

இதை ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க. லிண்டா மாக்ஸி, ஆன்டனி சான்ஃபோர்ட்னு ரெண்டு பேர், 1987-ல வெளியிட்டாங்க. வேலை ரொம்ப எளிமையானது, ஒரு வாக்கியத்தை கொடுத்துட்டு அடுத்த வாக்கியத்தை ‘தே’ன்னு ஆரம்பிச்சு நீங்களே எழுதுங்கன்னு ஆளுங்க கிட்ட கொடுக்கறது. ‘எ ஃபியூ’ இருந்த வாக்கியத்துக்கு அப்புறம் ‘தே’ன்னா வந்தவங்களை, செஞ்சவங்களைப் பத்தி எழுதினாங்க. ‘ஃபியூ’ இருந்தா பெரும்பாலும் வராதவங்களைப் பத்தி, அவங்க ஏன் வரலன்னு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. வாக்கியத்துல அந்த வராத கூட்டத்தை யாரும் பேர் சொல்லி கூப்பிடவே இல்ல, ஆனாலும் மனசு அங்க போகுது. தமிழ்ல நீங்களே சொல்லி பாருங்க, ‘சிலர் வந்தாங்க’ன்னு சொல்லிட்டு அடுத்து ‘நல்லா பேசினாங்க’ன்னு போகலாம், ‘சிலர்தான் வந்தாங்க’ன்னு சொன்னா அடுத்த வாக்கியம் தானா ‘மழை போல, வேற வேலை போல’ன்னு காரணம் தேட ஆரம்பிச்சுடும். எனக்கு தெரிஞ்சு ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ வித்தியாசத்தை புரிஞ்சுக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

இப்ப ‘க்வைட்’. இது கொஞ்சம் இரட்டை வேஷம் போடற வார்த்தை. ‘க்விட்’ங்கிற சொல்லோட கூடப்பிறந்தது, பழைய பிரெஞ்சு வழியா வந்தது, ஒரு விஷயத்துல இருந்து முழுசா விடுபட்டதுங்கிற அர்த்தம், அதுல இருந்து ‘முழுக்க’ன்னு ஆச்சு. இன்னைக்கும் ‘க்வைட் இம்பாஸிபிள்’னா முழுக்க முடியாதது, ‘க்வைட் ரைட்’னா முழுக்க சரி. இங்க இருந்தா இருக்கு இல்லன்னா இல்ல, நடுவுல படி கிடையாது. ஆனா ‘குட்’, ‘டயர்ட்’, ‘காஸ்ட்லி’ மாதிரி ஏத்த இறக்கம் உள்ள சொற்களுக்கு முன்னாடி வந்தா ‘ஓரளவு’, ‘பரவால்ல’ன்னு இறங்கிடும், குறிப்பா பிரிட்டிஷ் பேச்சுல. ஒரு பிரிட்டிஷ்காரர் உங்க டிராஃப்டை ‘க்வைட் குட்’னு சொன்னா துள்ளி குதிக்க வேண்டாம், அமெரிக்கர் சொன்னா சந்தோஷப்படலாம், அவங்க பெரும்பாலும் ‘ரொம்ப நல்லா இருக்கு’ங்கிற அர்த்தத்துல சொல்றாங்க. (ரெண்டு பேர்லயும் தொனி பாத்துத்தான் முடிவு பண்ணணும், இது கணக்கு ஃபார்முலா இல்ல.) கேள்வி கேட்டவர் டிக்‌ஷனரியில பாத்த ‘ஓரளவு’ பொய் இல்ல, ஆனா அது இந்த இடத்துக்கு உள்ளது இல்ல.

மூணாவதா ஒண்ணு இருக்கு, நமக்கு வேண்டியது அதுதான். ‘க்வைட்’டுக்கு பின்னாடி ‘எ’ போட்டு ஒரு பெயர்ச்சொல் வந்தா அர்த்தம் வேற ஆகிடும். ‘க்வைட் எ க்ரவுட்’னா நல்ல கூட்டம். ‘க்வைட் எ வொய்ல்’னா ரொம்ப நேரம். ‘க்வைட் எ பிட்’னா கணிசமா, ‘பிட்’னா துணுக்குன்னு அர்த்தம் இருந்தும். ‘தட் வாஸ் க்வைட் எ டே’ன்னா அடேயப்பா என்ன நாளுடான்னு. இங்க எல்லாம் ‘க்வைட் எ’ங்கிறது சேர்ந்தே ஒரு துண்டா நின்னு ‘சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே’ன்னு நம்ம ஊர் பேச்சுல சொல்ற வேலையை செய்யுது. இதுல ‘ஓரளவு’ங்கிற பேச்சுக்கே இடம் இல்ல, அமெரிக்காவா இங்கிலாந்தாங்கிற தகராறும் இல்ல, ‘க்வைட் எ ஃபியூ’ன்னா ரெண்டு ஊர்லயும் நிறையதான்.

ஆக ரெண்டையும் சேர்த்தா புதிர் அவிழ்ந்துடுது. ‘எ ஃபியூ’ மேல் நோக்கி பாக்கற சொல், ‘ஃபியூ’ கீழ் நோக்கி பாக்கற சொல். முன்னாடி வந்து அழுத்தம் கொடுக்கற சொல் எதுவா இருந்தாலும், அது பாக்கற திசையில பிடிச்சு தள்ளுது, அவ்ளோதான். ‘வெரி ஃபியூ’ன்னா ஏற்கெனவே கீழ பாக்கறதை இன்னும் கீழ தள்ளறது, அதனால ரொம்ப ரொம்ப கம்மி. ‘ப்ரெஷியஸ் ஃபியூ’வும் அப்படியே, ‘ப்ரெஷியஸ்’னதும் விலைமதிப்பில்லாத சிலர்னு மொழிபெயர்த்துடாதீங்க, விரல் விட்டு எண்ணிடலாம்னு அர்த்தம். அந்தப் பக்கம் ‘எ குட் ஃபியூ’, ‘எ ஃபேர் ஃபியூ’, ‘க்வைட் எ ஃபியூ’ மூணும் மேல பாக்கறதை இன்னும் மேல தள்ளறது, மூணுக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம், முதல் ரெண்டும் பிரிட்டன் பக்கம் அதிகமா காதுல விழும். இதனாலதான் ‘க்வைட் ஃபியூ’ன்னு ‘எ’ இல்லாம எழுதினா படிக்கறவர் ஒரு செகண்ட் முழிப்பார், அப்படி யாரும் சாதாரணமா சொல்றதில்ல, கம்மின்னு சொல்ல வந்தீங்களா நிறையன்னு சொல்ல வந்தீங்களா இல்ல ‘எ’ விட்டுப்போச்சான்னு தெரியாது. கம்மின்னா ‘வெரி ஃபியூ’ன்னு எழுதிட்டு போயிடுங்க.

இது எப்படி பொறந்துச்சுங்கிறதுல ரெண்டு கதை சொல்றாங்க, இங்க நான் கொஞ்சம் ஜாக்கிரதையாதான் பேசுவேன். ஒரு கதை, இது நக்கலா ஆரம்பிச்சதுன்னு. நிறைய இருக்கும்போது ‘ஆமா ஆமா, சில இருக்கு’ன்னு வேணும்னே குறைச்சு சொல்றது, கேக்கறவனுக்கு புரியும், அப்படியே பழகி நக்கல் தேய்ஞ்சு அர்த்தம் மட்டும் நின்னுடுச்சு. இன்னொண்ணு நான் மேல சொன்னது, ‘க்வைட் எ வொய்ல்’, ‘க்வைட் எ பிட்’ எல்லாம் ஒரே அச்சுல வந்தவை, அந்த வரிசையில ‘எ ஃபியூ’வும் போய் உக்காந்துடுச்சுன்னு. ‘எ குட் ஃபியூ’ முன்னாடியே புழக்கத்துல இருந்தது, ‘க்வைட் எ ஃபியூ’ 19-ஆம் நூற்றாண்டு சமாச்சாரம், அதுவரைக்கும் நிச்சயமா சொல்லலாம். எனக்கு ரெண்டாவது கதைதான் பொருத்தமா படுது, ஏன்னா ‘க்வைட் எ வொய்ல்’ல யாரும் யாரையும் நக்கல் பண்ணல, ஆனா அங்கயும் அதே விளைவு வருது. நக்கல் கதையை முழுசா தூக்கி போடவும் மனசு வரல, குறைச்சு சொல்லி கூட்டி காட்டறது அந்த மொழியில பழைய பழக்கம். ‘நாட் எ ஃபியூ’ன்னு ஒண்ணு இருக்கு, கொஞ்சம் பேர் இல்ல, அதாவது நிறைய பேர். 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல, அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்துல, ஊர்ப் பெரிய பெண்கள் பலர் சேர்ந்துக்கிட்டாங்கன்னு சொல்ற இடத்துல ‘நாட் எ ஃபியூ’ன்னுதான் போட்டிருக்காங்க. இது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லீங்க. ‘அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல’ன்னு சொல்றோமே, அதுல எங்க இருக்கு நிறையங்கிற சொல்? கொஞ்சத்தை இல்லன்னு சொல்லியே மலையளவு கஷ்டத்தை காட்டிடறோம்ல.

சரி, எத்தனைன்னா ‘க்வைட் எ ஃபியூ’? இதையும் பலர் கேப்பாங்க, அஞ்சா, பத்தா, இருபதான்னு. நம்பரே கிடையாது, யாராவது நம்பர் சொன்னா நம்பாதீங்க. எதிர்பார்த்ததை விட கூடுதல்ங்கிறது மட்டும்தான் அந்த தொடருக்குள்ள இருக்கு. ஒரு பக்க கடிதத்துல எட்டு தப்பு இருந்தா அது ‘க்வைட் எ ஃபியூ’. ஐநூறு பக்க புத்தகத்துல எட்டு தப்புன்னா ‘ஒன்லி எ ஃபியூ’, அந்த ப்ரூஃப் ரீடரை கூப்பிட்டு கை குடுக்கலாம். பத்து பேர் உள்ள டீம்ல நாலு பேர் லீவுன்னா ‘க்வைட் எ ஃபியூ’, ஆயிரம் பேர் கம்பெனியில நாலு பேர் லீவுன்னா அதை யாரும் பேசக்கூட மாட்டாங்க. மொத்தம் எவ்ளோ, வழக்கமா எவ்ளோ இருக்கும், பேசறவர் என்ன எதிர்பாத்தார், இந்த மூணும் தெரியாம நம்பர் போட முடியாது. ‘மெனி’க்கும் இதுக்கும் நூலிழை வித்தியாசம், ‘மெனி’ கொஞ்சம் விறைப்பா எழுத்து நடையில நிக்கும், இது பேச்சுல, மெயில்ல சகஜமா வரும், கூடவே ‘நான் இவ்ளோ எதிர்பாக்கல’ங்கிற ஒரு சின்ன புருவ உயர்த்தல் சேர்ந்து வரும். ‘செவரல்’ இதுல பாதி தூரம்தான் போகும், ரெண்டுக்கு மேல, ஆனா நிறையன்னு அடிச்சு சொல்லாது.

நம்பர் முக்கியமான இடத்துல இந்த மாதிரி சொற்களை விட்டா ஆபத்துன்னு தெரிஞ்சுதான் சில துறைகள்ல சொல்லுக்கு அளவு கட்டி வச்சிருக்காங்க. ஐரோப்பாவுல மருந்து பெட்டிக்குள்ள வர்ற தாள்ல பக்கவிளைவு ‘காமன்’னு போட்டிருந்தா 10 பேர்ல 1 பேர் வரைக்கும் வரலாம்னு அர்த்தம், ‘வெரி காமன்’னா 10-ல 1-க்கு மேல, ‘அன்காமன்’னா 100-ல 1 வரைக்கும், ‘ரேர்’னா 1,000-ல 1 வரைக்கும், ‘வெரி ரேர்’னா 10,000-ல 1 வரைக்கும். ‘க்வைட் எ ஃபியூ’வுக்கு இப்படி வரையறை கிடையாது. அதனால ஒப்பந்தம், ஸ்பெசிஃபிகேஷன், டெஸ்ட் ரிப்போர்ட் இதுல எல்லாம் அதை எழுதாதீங்க, வேற யாராவது எழுதியிருந்தா எத்தனைன்னு கேளுங்க. கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல.

இப்ப நம்ம ஆளுங்க பக்கம் வருவோம். ‘க்வைட் எ ஃபியூ’வை தப்பா புரிஞ்சுக்கறது ஒரு பக்கம்னா, ‘எ’வை விட்டுட்டு எழுதறது அதைவிட பெரிய சமாச்சாரம், ஏன்னா அதுல தப்பா புரிஞ்சுக்கறது எதிராளி. ‘ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ்’. இதை எழுதாத தமிழர் உண்டா? சில சந்தேகம் இருக்கு, கேக்கலாமான்னு நாம சொல்ல வர்றோம். ஆனா வாக்கியம் சொல்றது எனக்கு சந்தேகம்னு பெருசா ஒண்ணும் இல்லன்னு. படிக்கறவர் நல்லது, எல்லாம் புரிஞ்சுடுச்சு போலன்னு மெயிலை மூடிட்டு போயிடுவார், நீங்க பதிலுக்கு காத்துக்கிட்டு இருப்பீங்க. ‘எ ஃபியூ க்வெஸ்சன்ஸ்’னு எழுதுங்க, ‘டவுட்’னா அங்க நம்பிக்கையின்மைங்கிற சாயல் வேற வந்துடும், அது தனி கதை. நம்மகிட்ட இது ஏன் நடக்குதுன்னா தமிழ்ல ‘சில’ங்கிறதுக்கு முன்னாடி எதுவும் போட வேண்டியதில்ல, ‘ஒரு சில’ன்னு சொன்னாலும் ‘சில’ன்னு சொன்னாலும் பெருசா அர்த்தம் மாறாது. அதனால ‘எ’ங்கிறது நம்ம கண்ணுக்கு தூசி மாதிரி, இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுன்னு தோணும். ‘ஒன்லி ஃபியூ’ன்னு எழுதறதும் இதே கூட்டம்தான், ‘ஒன்லி எ ஃபியூ’ன்னு வரணும்.

திசை கதையை சொல்லிட்டேன், ஆனா எல்லா இடத்துலயும் ‘எ’ இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்து முடிவு பண்ணினா மாட்டிக்குவீங்க. ‘ஒன்லி’, ‘ஜஸ்ட்’ முன்னாடி வந்தா ‘எ’ இருந்தும் அர்த்தம் கீழ திரும்பிடும், ‘ஒன்லி எ ஃபியூ’ன்னா சிலர்தான். ‘எ வெரி ஃபியூ’ன்னு ஒண்ணு இருக்கு, ‘எ’ இருந்தும் மிகச் சிலர்னுதான் அர்த்தம், அபூர்வமா வரும் ஆனா வரும். நேர்மாறா ‘த லாஸ்ட் ஃபியூ டேஸ்’, ‘த நெக்ஸ்ட் ஃபியூ வீக்ஸ்’, ‘எவ்ரி ஃபியூ மினிட்ஸ்’ இதுல எல்லாம் ‘எ’ கிடையாது, ஆனா அந்த ‘இவ்ளோதானா’ங்கிற தொனியும் கிடையாது, சும்மா கடந்த சில நாட்கள், அடுத்த சில வாரங்கள், சில நிமிஷத்துக்கு ஒரு தடவை, அவ்ளோதான். ‘த’, ‘எவ்ரி’ மாதிரி ஒண்ணு ஏற்கெனவே அந்த இடத்துல உக்காந்துட்டா ‘எ’வுக்கு சீட் இல்ல, அதனால ‘எ’ இல்லாததுக்கு அங்க அர்த்தமும் இல்ல. சப்டைட்டில் எழுதறவங்களுக்கு இன்னொண்ணு, ‘ஹி ஹேஸ் ஹேட் எ ஃபியூ’ன்னு ஒருத்தரைப் பத்தி சொன்னா அவர் எதையோ சில எடுத்துக்கிட்டார்னு எழுதாதீங்க, ஆள் நல்லா தண்ணி போட்டிருக்கார்னு அர்த்தம்.

நடைமுறையில இது எப்படி இடறுதுன்னு ஒரு வாக்கியத்தை வச்சு காட்டறேன். மருந்து சோதனை சம்பந்தப்பட்ட ஒரு டாக்குமென்ட்ல ‘க்வைட் எ ஃபியூ பார்ட்டிசிபன்ட்ஸ் ஸ்டாப்டு டேக்கிங் த டேப்லட்ஸ் விதின் த ஃபர்ஸ்ட் ஃபியூ வீக்ஸ்’ங்கிற மாதிரி ஒரு வரி. சரிபார்க்க வந்த தமிழ்ல ‘சில பங்கேற்பாளர்கள் முதல் சில வாரங்களுக்குள் மாத்திரை எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டனர்’னு இருந்தது. வாசிக்க வழுவழுன்னு இருக்கு, இலக்கணப்பிழை ஒண்ணும் இல்ல, எதைப் பாத்தும் சந்தேகம் வராது. ஆனா ரெண்டு ‘ஃபியூ’வும் ரெண்டு வேற ஆளுங்க. பின்னாடி வர்றது சாதாரண ‘சில வாரம்’தான், முன்னாடி வர்றது நிறைய பேர். ரெண்டையும் ‘சில’ன்னு போட்டதுல, மாத்திரையை பாதியில விட்டவங்க யாரோ ரெண்டு மூணு பேர்ங்கிற மாதிரி ஆயிடுச்சு. மூலத்தை எழுதினவர் எச்சரிக்கையா சொன்ன விஷயம் தமிழ்ல தூங்கிப் போச்சு. ‘பங்கேற்றவர்களில் கணிசமானோர் முதல் சில வாரங்களிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்’னு மாத்தினோம். அந்த ‘லேயே’ மூலத்துல நேரா இல்லன்னு ஒருத்தர் ஆட்சேபிச்சார், நியாயம்தான், ஆனா ‘க்வைட்’ல இருக்கற அந்த புருவ உயர்த்தலை எங்கயாவது இறக்கி வைக்கணும்ல, எனக்கு அது அங்க உறுத்தல.

தமிழ்ல எந்த சொல் போடறதுங்கிறதுக்கு ஒரே விடை கிடையாது. எழுத்து நடைன்னா ‘கணிசமான’, ‘பல’. பேச்சுன்னா ‘நிறைய’, ‘நல்லாவே இருக்கு’, ‘ரொம்ப பேர்’. ‘ஏகப்பட்ட’, ‘எக்கச்சக்கமான’ போட்டா ஒரு படி மிஞ்சிடும், மூலத்துல அவ்ளோ சத்தம் இல்ல. ‘ஒரு சில’ மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். ‘சிலபல’ன்னு இப்ப நெட்ல விளையாட்டா எழுதறோமே, அது ‘க்வைட் எ ஃபியூ’வோட குணத்துக்கு ரொம்ப கிட்ட வருதுன்னு எனக்கு தோணும், வெளிய சில உள்ள பல, ஆனா மருந்து டாக்குமென்ட்ல போட முடியாது, அடிக்க வருவாங்க.

எண்ண முடியாத பொருளுக்கு ‘ஃபியூ’ ஆகாது, ‘லிட்டில்’ வரும், திசை கதை அங்கயும் அச்சு அசலா அதேதான். ‘லிட்டில் ஹோப்’னா நம்பிக்கை இல்லாத குறை, ‘எ லிட்டில் ஹோப்’னா கொஞ்சம் இருக்கு. நிறையன்னு சொல்ல அங்க ‘க்வைட் எ பிட் ஆஃப்’, ‘க்வைட் எ லாட் ஆஃப்’னு போகணும். வினைச்சொல் பன்மை, ‘க்வைட் எ ஃபியூ ஆஃப் அஸ் வேர்’தான், ‘எ’ இருக்குன்னு ‘வாஸ்’ போடாதீங்க. ‘ஃபியூவர்’, ‘லெஸ்’ சண்டை ஒண்ணு இருக்கு, எண்ணக்கூடியதுக்கு ‘லெஸ்’ போடக்கூடாதுன்னு குதிப்பாங்க, அது 1770-ல ராபர்ட் பேக்கர்னு ஒருத்தர் ‘எனக்கு இது நேர்த்தியா படுது’ன்னு எழுதின சொந்த விருப்பம், பின்னால வந்தவங்க சட்டமாக்கிட்டாங்க. பரிட்சையில சட்டத்தை மதிங்க, பேச்சுல யாரையும் திருத்தாதீங்க.

கடைசியா உங்க மெயில். கிளையன்ட் கோவமா இருக்கார்னு அந்த ஒரு வரியை வச்சு சொல்ல முடியாது, ‘க்வைட் எ ஃபியூ’ திட்டுற தொடர் இல்ல, ‘டூ மெனி’ன்னு எழுதியிருந்தா அது திட்டு. அதனால பயந்து நாலு பத்தி மன்னிப்பு கடிதம் எல்லாம் வேண்டாம். ஆனா நீங்க சின்ன தப்புன்னு எழுதினதை அப்படியே விட்டா அலட்சியமா தெரியும். உங்க வரியை திரும்ப படிச்சேன், எதிர்பாத்ததைவிட தப்பு அதிகம்னு புரியுது, முழு ரிப்போர்ட்டையும் மறுபடி சரிபார்க்கறேன், குறிச்சு வச்ச காப்பி இருந்தா அனுப்புங்க, இன்ன தேதிக்குள்ள தர்றேன்னு ரெண்டு மூணு வரியில இன்னைக்கே போட்டுடுங்க. அந்த குறிச்ச காப்பி வந்ததும் எண்ணி பாருங்க, அவருக்கு ‘க்வைட் எ ஃபியூ’ன்னா எத்தனைன்னு உங்களுக்கு தெரிஞ்சுடும், அடுத்த தடவை அவர் மெயிலை படிக்க அது உதவும்.